நடராஜா சர்வீஸில் இங்கிலாந்து: 1782

2007-ல் முதல்முறையாக ஆன்சைட் போனேன். டெக்சாஸில் டாலஸுக்கு வெளியே ஒரு புறநகர். போய்ச் சேர்ந்த மறுநாள் சாயங்காலம் பால் வாங்கக் கிளம்பினேன். கடை ஒன்றரை கிலோமீட்டர்தான் இருக்கும். திருநெல்வேலியில் வளர்ந்தவனுக்கு ஒன்றரை கிலோமீட்டர் ஒரு தூரமா? கிளம்பிவிட்டேன். நடைபாதை கொஞ்ச தூரத்திலேயே நின்றுபோனது. புல்தரையின் ஓரமாக நடந்தேன். கார்களில் போனவர்கள் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். திரும்பி வரும்போது கையில் பால் கேனோடு இருந்த என் பக்கத்தில் ஒரு போலீஸ் கார் மெதுவாக வந்து நின்றது. எல்லாம் சரியா, கார் எதுவும் ரிப்பேராகிவிட்டதா என்று மரியாதையாகத்தான் கேட்டார். இல்லை, சும்மா நடக்கிறேன் என்றேன். அந்த "சும்மா" அவருக்குப் புரியவே இல்லை. மறுநாள் ஆபீசில் சொன்னபோது, எங்களுக்கு முன்னால் வந்திருந்த ஒரு நண்பர் சிரித்தார். "இங்கே நடக்கிறவன்னா ஒண்ணு லைசென்ஸ் பிடுங்கப்பட்டவன், இல்லன்னா வீடு இல்லாதவன்."

இதை மறந்தே போயிருந்தேன். போன வருஷம் ஆற்காட்டு நவாபுக்குக் கடன் கொடுத்துப் பணம் குவித்த கம்பெனி ஆட்களைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன் (அந்தப் பதிவு இன்னும் பாதியில் நிற்கிறது, கேட்டு மெயில் போட்டவர்கள் மன்னிக்கவும்). இந்தியாவில் சம்பாதித்துக்கொண்டு லண்டன் திரும்பிய இந்தப் புதுப்பணக்காரர்களைக் கிண்டலடித்து சாமுவேல் ஃபுட் என்பவர் 1772-ல் ஒரு நாடகம் போட்டார். பெயரே 'நபாப்'. அதைப் பார்த்தவர்கள் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா என்று தேடியபோதுதான் கார்ல் ஃபிலிப் மோரிட்ஸ் கிடைத்தார். 1782-ல் ஹேமார்க்கெட் தியேட்டரில் அதே நாடகத்தைப் பார்த்த ஒரு ஜெர்மன்காரர். அப்போது வயது 25. நாடகத்தைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று படிக்க உட்கார்ந்தவன், நவாபை விட்டுவிட்டு இவர் பின்னாலேயே போய்விட்டேன்.

யார் இந்த மோரிட்ஸ்? 1756-ல் ஹாமெல்ன் என்ற ஊரில் பிறந்தவர். குழலூதி எலிகளைக் கூட்டிக்கொண்டு போனவன் கதை வருமே, அதே ஊர். அப்பா ராணுவ பேண்டில் வாத்தியம் வாசிக்கிறவர், ஏழைக் குடும்பம். பையனைச் சின்ன வயதிலேயே பிரவுன்ஷ்வைக் நகரில் ஒரு தொப்பி செய்கிறவரிடம் வேலை பழக விட்டார்கள். அங்கிருந்து எப்படியோ தப்பித்துப் படிப்பு, பிறகு படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு நாடகக் கம்பெனியில் சேர ஊர் ஊராக நடை, கடைசியில் பெர்லினில் பள்ளி வாத்தியார். இங்கிலாந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஆங்கிலம் கற்றதெல்லாம் புத்தகத்தில். மில்டன் என்றால் உயிர். 1782 மே மாதக் கடைசியில் தேம்ஸ் நதி வழியாக வந்து இறங்குகிறார். சுமார் ஏழு வாரம் சுற்றுகிறார். பார்த்ததை எல்லாம் பெர்லினில் இருந்த கல்வியாளர் ஃப்ரீட்ரிஷ் கெடிக்கேவுக்குக் கடிதங்களாக எழுத, அது 1783-ல் புத்தகமாக வந்தது.

முதல் சில வாரங்கள் லண்டனில். அடெல்ஃபி கட்டடங்களுக்குப் பக்கத்தில், ஒரு தையல்காரரின் விதவை வீட்டில் வாடகைக்கு அறை. ஆன்சைட் போனவர்களுக்கு இந்தப் பகுதி படிக்கப் படிக்கச் சிரிப்பாக வரும். மனுஷன் முதலில் புலம்புவது சாப்பாட்டைப் பற்றித்தான். பாதி வெந்த கறி, வெறும் தண்ணீரில் அவித்த நாலு முட்டைக்கோஸ் இலை, அதன் மேல் மாவும் வெண்ணெயும் கலந்த ஒரு குழம்பு. இதற்குக் குறைந்தது ஒரு ஷில்லிங். காபி அதைவிட மோசம். ஒரு குடம் பழுப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று நொந்துபோய், இங்கே வருகிற ஜெர்மன்காரர்களுக்கு ஒரு யோசனையும் சொல்கிறார்: அரை அவுன்ஸ் காபித்தூளில் எத்தனை கப் போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கும்பகோணத்திலிருந்து போனவர் எழுதியது போல இருக்கிறதா?

ஆனால் ரொட்டி அவருக்குப் பிடித்துப்போகிறது. வெண்ணெய் தடவிய ரொட்டித் துண்டுகளை முள்ளில் குத்தி நெருப்பில் காட்டினால், வெண்ணெய் உருகி ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு இறங்கி மொத்தமும் ஊறிவிடுகிறதாம். இதற்கு 'டோஸ்ட்' என்று பெயர் என்று ஒரு அதிசயத்தை அறிவிக்கிற மாதிரி ஊருக்கு எழுதுகிறார். படுக்கை இன்னொரு ஆச்சரியம். ஜெர்மனியில் மேலே போர்த்திக்கொள்வது இறகு அடைத்த பெரிய மெத்தை. இங்கே கம்பளியும் துப்பட்டியும்தான்.

வீட்டுக்கார அம்மாவைப் பற்றி அவர் எழுதியதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தையல்காரர் மனைவி, ஆனால் மில்டன் படிக்கிறார். மில்டனை உணர்ச்சியோடு வாசித்த அழகைப் பார்த்துத்தான் செத்துப்போன கணவர் தன்னிடம் மனதைப் பறிகொடுத்தார் என்று குடித்தனக்காரரிடம் கதை சொல்கிறார். மோரிட்ஸுக்குத் தலைகால் புரியவில்லை. தன் நாட்டில் ஒரு தையல்காரர் வீட்டில் தேசத்தின் பெரிய கவிஞரை எடுத்து யாரும் படிப்பார்களா என்று ஏங்குகிறார்.

இந்த ஏக்கம் லண்டன் கடிதங்கள் முழுக்க இருக்கிறது. தெருவில் பையன்கள் கழுத்துத் திறந்த சட்டையோடு, நெற்றியில் முடி வெட்டிவிட்டு, இஷ்டத்துக்கு ஓடுகிறார்கள். ஜெர்மனியிலோ ஆறு வயதுப் பையனுக்கே அப்பா மாதிரி முடியலங்காரம் செய்துவிடுவார்கள். நாடாளுமன்றத்தின் கீழ்ச்சபைக்குப் போகிறார். முதல்முறை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு ஷில்லிங் கைமாறினால் கதவு திறக்கும் என்ற ரகசியம் பிறகுதான் தெரிகிறது (எந்த ஊர் போனாலும் வாசல் வாசல்தான்). உள்ளே போனால் உறுப்பினர்கள் பூட்ஸும் குதிமுள்ளுமாக வருகிறார்கள், சிலர் பெஞ்சில் கால்நீட்டிப் படுத்திருக்கிறார்கள், சிலர் கொட்டை உடைத்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள். அந்தச் சபையில் ஃபாக்ஸ் பேசுவதைக் கேட்கிறார்.

கோவென்ட் கார்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதிக்கு நடந்த தேர்தலையும் பார்க்கிறார். வண்டி ஓட்டுகிறவனிலிருந்து சின்னப் பிள்ளைகள் வரைக்கும் கூட்டத்தில் நின்று கத்துகிறார்கள். தேர்தல் முடிந்ததும் அந்த மேடையை ஜனங்களே பிரித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இங்கே ஒவ்வொருவனும் தானும் ஒரு மனிதன், ராஜாவுக்கும் மந்திரிக்கும் எந்த விதத்திலும் குறைந்தவன் இல்லை என்று நினைக்கிறானே, பெர்லினில் சிப்பாய்கள் கவாத்து பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இதைப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது என்கிற தொனியில் எழுதுகிறார். பெரிய ஃபிரெடெரிக் ஆண்ட பிரஷ்யாவிலிருந்து வந்த ஒரு ராணுவ வாத்தியக்காரர் மகனுக்கு அப்படித்தானே இருக்கும்.

நான் தேடிப் போன 'நபாப்' நாடகத்தைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். கதையில் வரும் சர் மேத்யூ மைட் கம்பெனிக் காசில் கொழுத்துத் திரும்பியவர். மோரிட்ஸ் அதைப் பார்த்த 1782-ல் நம் பக்கம் ஹைதர் அலியின் சண்டையில் கர்நாடகச் சீமை எரிந்துகொண்டிருந்தது. மோரிட்ஸுக்கு அதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. அவருடைய கவலை வேறு. மேல் கேலரியிலிருந்து அழுகிய ஆரஞ்சுப் பழங்கள் பறந்து வருகின்றன. ஒன்று அவர் தொப்பியில் விழுகிறது. திரும்பிப் பார்த்தால் மூஞ்சியில் விழுமே என்று ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்.

இதுவரைக்கும் வழக்கமான பயணக் கதைதான். ஜூன் 21-ம் தேதியிலிருந்து கதை மாறுகிறது.

லண்டனை விட்டு உள்நாட்டைப் பார்க்கக் கிளம்புகிறார். போக வேண்டிய இடம் டெர்பிஷையர் மலைப்பகுதியில் காசில்டன், அங்கே ஒரு பெரிய குகை. சட்டைப்பையில் நாலு கினி, கொஞ்சம் மாற்றுத் துணி, ஒரு சாலைக் கையேடு, வரைபடம், மில்டனின் 'இழந்த சொர்க்கம்'. அவ்வளவுதான் மூட்டை. நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கினிக்கு 21 ஷில்லிங், ஆக 84 ஷில்லிங். தனி வாடகை வண்டிக்கு மைலுக்கு ஒரு ஷில்லிங். லண்டனிலிருந்து காசில்டன் சுமார் 160 மைல். பாதி வழியில் காசு தீர்ந்துவிடும், அதுவும் சாப்பிடாமல் தூங்காமல் போனால். பலர் சேர்ந்து போகும் ஸ்டேஜ் கோச் மலிவு, அதில் போயிருக்கலாம்தான். ஆனால் அவருக்கு நடக்க ஆசை. ஊரைப் பார்க்க வேண்டும் என்றால் நடந்துதான் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு இயல்பான விஷயம். நம்ம பாஷையில் சொன்னால் நடராஜா சர்வீஸ்.

ரிச்மண்ட் வரைக்கும் கோச்சில் போகிறார். கூட வந்தவரிடம், உங்கள் ஊரில் ஏன் யாரும் நடந்து பயணம் போவதில்லை என்று கேட்கிறார். வந்த பதில்: எங்களிடம் பணம் ஜாஸ்தி, சோம்பேறித்தனம் ஜாஸ்தி, திமிரும் ஜாஸ்தி. சிரித்துக்கொண்டே இறங்கி நடக்க ஆரம்பிக்கிறார்.

கொஞ்ச நேரத்திலேயே சிரிப்பு போய்விடுகிறது. களைத்துப்போய் வேலியோரம் நிழலில் உட்கார்ந்து மில்டனைப் பிரிக்கிறார். போகிற வருகிற வண்டிகளில் இருப்பவர்கள் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள். வண்டிக்காரர்கள் நிறுத்தி, மேலே ஏறிக்கொள்கிறாயா என்கிறார்கள். கிராமத்து ஜனங்கள் ஐயோ பாவம் என்கிறார்கள். நடந்தால் போதும், இந்த நாட்டில் நீ ஒரு காட்டு மிருகம் மாதிரி என்று அவருக்குத் தோன்ற ஆரம்பிக்கிறது.

விண்ட்சர் பக்கத்தில் ஒரு விடுதிக்குள் நுழைகிறார். பவுடர் பூசிய வெயிட்டர் மேலும் கீழும் பார்க்கிறான். பிச்சைக்காரனுக்குப் போடுவது போலச் சாப்பாடு போடுகிறார்கள். ஆனால் பில் மட்டும் கனவானுக்குப் போடுகிற பில். கொஞ்சம் படுக்க இடம் கேட்டால் சிறைக் கொட்டடி மாதிரி ஒரு அறையைக் காட்டுகிறார்கள். ராத்திரிக்கு இதைவிட நல்ல அறை வேண்டும் என்றால், ராத்திரி உன்னைத் தங்க வைக்கிற எண்ணமே எங்களுக்கு இல்லையே என்கிறார்கள். கிளம்பும்போது அதே வகையறா வெயிட்டர் ஒருவன் படிக்கட்டில் நின்று, வெயிட்டரை மறந்துவிடாதீர்கள் என்று கையை நீட்டுகிறான். இவர் மூன்று அரைப்பென்னி கொடுக்கிறார். மனதாரச் சாபம் வாங்கிக்கொள்கிறார். வாசலில் நின்ற அறைப் பணிப்பெண்ணும் என்னை மறந்துவிடாதீர்கள் என்கிறாள். உன் நடத்தையை எங்கே மறக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் நடையைக் கட்டுகிறார். எனக்கு இந்த இடத்தில் கைதட்டத் தோன்றியது.

அடுத்து நெட்டில்பெட் என்ற கிராமம். இங்கே நல்லபடியாகவே நடத்துகிறார்கள், ஆனால் சமையலறையில், சிப்பாய்களோடும் வேலைக்காரர்களோடும் உட்கார வைத்து. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மூட்டையிலிருந்து சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வருகிறார். அதே ஆட்கள், அதே விடுதி. இப்போது கூடத்துக்கு அழைத்துப் போகிறார்கள். முந்தின ராத்திரி அவரை 'மாஸ்டர்' என்று கூப்பிட்டவர்கள் இன்றைக்கு 'சார்' என்கிறார்கள். மாஸ்டர் என்பது குடியானவர்களையும் சாதாரண ஆட்களையும் கூப்பிடுகிற வார்த்தை போல என்று குறித்துக்கொள்கிறார். மில்டனைக் கரைத்துக் குடித்தவருக்கு ஆங்கிலத்தின் நீ, நீர், தாங்கள் எங்கே இருக்கிறது என்பது ஒரு சட்டையால்தான் தெரிந்தது. டீக்கடையில் "என்னப்பா", "தம்பி", "சார்" மூன்றும் எப்போது எப்போது நம் மேல் விழும் என்று யாரும் நமக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை இல்லையா? அந்த மாதிரி.

அதே ஞாயிறு சாயங்காலம் டார்செஸ்டர் போய்ச் சேர்கிறார் (ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன டார்செஸ்டர்). இடமில்லை என்று கதவைச் சாத்துகிறார்கள். அடுத்த ஊர் நியூனம். அங்கேயும் இல்லை. இருட்டிவிட்டது. ஆக்ஸ்ஃபோர்ட் இன்னும் ஐந்து மைல். வயலில் படுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து நடக்கும்போது பின்னால் காலடிச் சத்தம். வழிப்பறி பற்றி ஏற்கெனவே கேட்டு வைத்திருக்கிறார். குதிரையில் வந்து கொள்ளையடிக்கிறவர்கள் கொஞ்சம் நாகரிகமானவர்கள், பணத்தோடு விட்டுவிடுவார்கள். நடந்து வந்து கொள்ளையடிக்கிறவர்கள் அரை கிரௌன் காசுக்குக்கூடக் கொன்றுபோடுவார்கள் என்று. கொள்ளைக்காரர்களிலும் பாருங்கள், நடக்கிறவன்தான் கீழே.

வந்தவர் கொள்ளைக்காரர் இல்லை. மாட் என்ற பாதிரியார். டார்செஸ்டரில் பிரசங்கம் செய்துவிட்டு ஆக்ஸ்ஃபோர்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். பேச்சுத் துணைக்கு ஆள் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம். நள்ளிரவில் ஊருக்குள் நுழைந்ததும், விடியும் வரை நான் இந்தக் கல் பெஞ்சிலேயே படுத்துக்கொள்கிறேன் என்கிறார் மோரிட்ஸ். அதெப்படி என்று கையைப் பிடித்து மைட்டர் விடுதிக்குக் கூட்டிப் போகிறார் மாட். உள்ளே அந்த நேரத்தில், அங்கியும் கழுத்துப் பட்டையுமாக ஒரு மேசை நிறையப் பாதிரியார்கள், ஆளுக்கொரு பீர் குவளையோடு. ஜெர்மனியிலிருந்து வந்த நண்பர் என்று மாட் அறிமுகப்படுத்தியதும் ஒரே உபசாரம். பைபிளில் எந்த வசனம் எங்கே இருக்கிறது என்று பெரிய சண்டை நடக்கிறது. மோரிட்ஸும் ஒரு வசனத்தை எடுத்துக் கொடுத்து மரியாதை சம்பாதிக்கிறார். கிழக்கு வெளுக்கும் நேரத்தில் மாட் திடுக்கிட்டு எழுந்து, அடடா, ஆல் சோல்ஸில் காலை ஜெபம் நான்தானே வாசிக்க வேண்டும் என்று ஓடுகிறார். மோரிட்ஸுக்கு அடுத்த நாள் தலைவலி.

இரண்டு விடுதிகளில் கதவைச் சாத்தியதும், மூன்றாவதில் நாற்காலி போட்டதும் ஒரே ராத்திரியில். ஆள் அவரேதான். இந்த முறை சட்டையைக்கூட மாற்றவில்லை. பக்கத்தில் ஒரு பாதிரியார் வந்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

இது ஏன் இப்படி? பணம், சோம்பல், திமிர் என்று ரிச்மண்ட் கோச்சில் கேட்ட பதில் நகைச்சுவையாக நன்றாக இருக்கிறது. எனக்கு அது போதவில்லை. அந்தக் காலத்துச் சட்டங்களைப் புரட்டினேன். 1662-ல் இங்கிலாந்தில் ஒரு குடியிருப்புச் சட்டம் வந்தது. ஏழைகளுக்குச் சோறு போடுவது அந்தந்தப் பாரிஷின், அதாவது திருச்சபை வட்டாரத்தின் பொறுப்பு. அதற்கு உள்ளூர்க்காரர்கள் வரி கட்ட வேண்டும். புதிதாக வருகிற ஒருவன் நாளைக்கு நம் தலையில் விழுவான் என்று தோன்றினால், 40 நாளுக்குள் அவனைச் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பலாம். அடுத்து 1744-ல் நாடோடிகள் சட்டம். ஊர் சுற்றிக்கொண்டு, மதுக்கடைகளிலும் கொட்டகைகளிலும் வெட்டவெளியிலும் தங்கிக்கொண்டு, தன்னைப் பற்றித் திருப்தியான விளக்கம் சொல்ல முடியாத எவனும் அந்தச் சட்டப்படி போக்கிரி, நாடோடி. பிடித்து அடைக்கலாம், சவுக்கால் அடிக்கலாம். இதைப் படித்துவிட்டு, வயலில் படுக்க முடிவு செய்த மோரிட்ஸை நினைத்துப் பாருங்கள். மில்டன் படிக்கும் பெர்லின் வாத்தியார் அந்த ராத்திரி சட்டத்தின் வார்த்தைகளுக்கு ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறார்.

ஆக, முன்பின் தெரியாத ஒருவன் மூட்டையோடு நடந்து வந்தால், விடுதிக்காரருக்கும் ஊர்க்காரருக்கும் அவன் வரிப்பணத்தில் ஒரு ஓட்டை. இது என் வாசிப்பு, எந்தப் பேராசிரியரும் இதற்குப் பொறுப்பில்லை.

ஜெர்மானிய நாடுகளில் நிலைமை வேறு. அங்கேயும் பிச்சைக்காரர்களை விரட்டினார்கள், அதில் ஒன்றும் குறைச்சலில்லை. ஆனால் நடக்கிற இளைஞன் என்று ஒரு கௌரவமான பிறவி அங்கே உண்டு. தச்சரோ கொத்தனாரோ தொப்பிக்காரரோ, தொழில் பழகி முடித்தவன் மாஸ்டர் ஆவதற்கு முன் சில வருஷம் ஊர் ஊராக நடந்து வேலை பார்த்துத் தேற வேண்டும் என்பது தொழில் சங்கங்களின் வழக்கம். 1731-ல் வந்த பேரரசுச் சட்டத்தின்படி இன்னாரிடம் இவ்வளவு நாள் ஒழுங்காக வேலை செய்தான் என்று கையில் ஒரு சான்றிதழும் இருக்கும். அந்தந்த ஊரில் அவர்கள் தங்க சங்கத்து விடுதி இருக்கும். மாணவர்களும் நடப்பார்கள். தொப்பிக்காரரிடம் இருந்த மோரிட்ஸ் இந்த உலகத்தில் வளர்ந்தவர். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நுழையும் 25 வயதுப் பையன் என்றால் அவர் ஊரில் ஒரு அர்த்தம், கடல் தாண்டினால் இன்னொரு அர்த்தம். ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்துக்கொண்டு வந்தவர், இதை எந்தப் புத்தகத்தில் படிப்பார்?

டாலஸில் எனக்கும் அதுதான் நடந்தது என்று இப்போது தோன்றுகிறது. என்ன, என்னை நிறுத்திய போலீஸ்காரர் மரியாதைக்காரர். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை வேறு தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும்தான் அவர் முகம் தளர்ந்தது.

கோவென்ட் கார்டனில் அந்த வண்டிக்காரனைப் பார்த்து நெகிழ்ந்துபோனவர்தான் ஒரு வாரத்தில் இப்படித் திண்டாடுகிறார். இரண்டையும் அதே கையால் எழுதுகிறார் என்பதுதான் எனக்கு இந்தப் புத்தகத்தில் பிடித்த விஷயம். இங்கிலாந்தின் மேல் இருந்த காதலைக் காப்பாற்றுவதற்காக விடுதி அவமானங்களை மறைக்கவில்லை. அவமானப்பட்டதற்காகத் தேர்தலைப் பார்த்துச் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் இல்லை.

மீதிப் பயணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து பர்மிங்காம் வரை கோச். பிறகு மறுபடி நடை. லிச்ஃபீல்டில் மறுபடி இடமில்லை. பர்ட்டனில் வீட்டு வாசல்களில் நின்று வெறித்துப் பார்த்து இளக்காரம் செய்கிறார்கள். டெர்பிஷையர் மலைப் பாதையில் குதிரைச் சேணம் தைக்கும் தொழிலாளி ஒருவர் கூட நடந்து வருகிறார். பேச ஆரம்பித்தால் ஹோமர், ஹோரஸ், வெர்ஜில் என்று மனப்பாடமாகச் சொல்கிறார்! மறுபடியும் மோரிட்ஸுக்கு இங்கிலாந்து மேல் காதல். காசில்டன் குகையின் வாசலிலேயே கயிறு திரிக்கிறவர்கள் குடிசை போட்டு வாழ்கிறார்கள். உள்ளே ஓர் இடத்தில் பாறை கூரை போலத் தாழ்ந்திருக்கும். படகில் மல்லாந்து படுத்துக்கொண்டால், வழிகாட்டி தண்ணீரில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பாதாளத்துக்குத் தோணி விடுகிறவன் கையில் சிக்கியது போல இருந்தது என்கிறார். ஏழு வாரத்தில் அவர் எழுதியதிலேயே அழகான பக்கங்கள் இவை. ஒரு முழுப் பதிவாகவே எழுதலாம்.

திரும்பும்போது உடம்பில் தெம்பில்லை. லெஸ்டரிலிருந்து கோச்சின் கூரை மேல் இடம் பிடிக்கிறார். கூரை மேல் உட்கார்ந்தால் பாதிக் காசு. பிடித்துக்கொள்ள ஓரத்தில் ஒரு சின்னக் கைப்பிடி, அவ்வளவுதான். வண்டி கல் பாவிய தெருவில் ஓட ஆரம்பித்ததும் உயிர் கையில் இல்லை. பின்னால் சாமான் வைக்கும் பெரிய கூடை ஒன்று இருக்கிறதே, அதற்குள் போய் உட்கார்ந்தால் என்ன என்று யோசிக்கிறார். கூரையில் கூட இருந்த ஒரு கறுப்பின மனிதர், வேண்டாம், குலுக்கியே கொன்றுவிடும் என்று எச்சரிக்கிறார். கேட்கவில்லை. மேடு ஏறும் வரை சுகமாகத்தான் இருந்தது, தூக்கமே வந்துவிட்டது. இறக்கம் வந்ததும் பெட்டிகள் எல்லாம் உயிர் வந்தது போலத் துள்ள ஆரம்பித்து, நாலு பக்கமும் இவரை இடிக்கின்றன. சமதரை வந்ததும் அடிபட்ட உடம்போடு மறுபடி கூரைக்கே ஏறுகிறார். சொன்னேன் இல்லையா என்கிறார் அந்த மனிதர். நார்த்தாம்ப்டனிலிருந்து லண்டன் வரை உள்ளேயே உட்கார்ந்து போக முடிந்தது. அதைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒன்றுமே இல்லை. பெட்டிக்குள் அடைத்து ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோனார்கள் என்பது போல எழுதி முடித்துவிடுகிறார்.

பிற்பாடு இவர் எழுதிய 'ஆன்டன் ரைசர்' என்ற தன்வரலாற்று நாவலும், மனோதத்துவத்துக்காகவே நடத்திய பத்திரிகையும்தான் ஜெர்மன் இலக்கியத்தில் இவருக்கு இடம் வாங்கிக் கொடுத்தவை. இங்கிலாந்துப் பயண நூல் ஆங்கிலத்தில் 1795-ல் வந்தது, மொழிபெயர்த்தவர் 'ஒரு சீமாட்டி' என்று மட்டும் போட்டு. வேடிக்கை என்னவென்றால் அதற்குள் அங்கேயும் காற்று மாறத் தொடங்கியிருந்தது. 1790 கோடை விடுமுறையில் வேர்ட்ஸ்வொர்த் என்ற கேம்பிரிட்ஜ் மாணவர் ஒரு நண்பரோடு பிரான்ஸையும் ஆல்ப்ஸையும் நடந்தே சுற்றிவிட்டு வந்திருந்தார். அடுத்த தலைமுறையில் மூட்டையோடு நடப்பது கவிஞர்களின் அடையாளமே ஆகிவிட்டது. மோரிட்ஸ் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1793-ல், 36 வயதில், பெர்லினில் இறந்துபோனார்.

நடுவில் இத்தாலிக்கும் போயிருந்தார். 1786 கடைசியில் ரோமில் கோதேயோடு பழக்கமாகிறது. நண்பர்கள் எல்லாருமாகக் கடற்கரைக்கு ஒரு நாள் சவாரி போகிறார்கள், இந்த முறை குதிரையில். திரும்பி ரோமுக்குள் நுழையும்போது மோரிட்ஸின் குதிரை கல் பாவிய தெருவில் வழுக்கி விழுந்து, அவருக்குக் கை உடைந்தது. வாரக்கணக்கில் படுக்கையில் கிடந்தவருக்குப் பக்கத்திலிருந்து பணிவிடை செய்தவர்களில் கோதேயும் ஒருவர்.